பட்டுக்கு அனுமதி இல்லை

ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, வாசனையும் கிடையாது. ஒரு காலத்தில் ஆலைகளில் கசிவு தேடிப் போகிறவர்கள் ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே நடப்பார்களாம். துடைப்பத்தின் நுனி பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது, நின்றுவிடு என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் நான் வகுப்பைத் தொடங்குவேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு பயப்படுவார்கள். அவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தெற்கே ஒரு பெரிய துறைமுகத்தில், பசுமை ஹைட்ரஜன் எடுக்கும் சோதனை ஆலையில், நான் பாதுகாப்பு அலுவலர்.

எனக்குக் கோபம் அதிகம். சட்டைப்பையில் கைப்பேசியோடு ஒருவன் ஆலையின் வேலிக்குள் கால் வைத்தால், அவன் பொறியாளரா, பெருக்குகிறவரா என்று பார்க்க மாட்டேன். அங்கேயே நிற்க வைத்துக் கிழிகிழியென்று கிழித்துவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்னென்ன பட்டப்பெயர் இருந்தன என்பதும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆள் பார்த்து விதி பேசுகிறவள் இல்லை நான் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரிந்த நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். தெரிந்த பிறகும் நான் திருந்தவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் சொந்த ஊர் ஆரணி. பட்டு என்றதும் நாங்கள் பரம்பரை நெசவுக் குடும்பம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். இல்லை. எங்கள் அப்பா வெம்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கூலியை வாங்கக்கூட நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்குள் போகாமல் தெருவில் நின்றவர். அண்ணன்தான் பதினாறு வயதில் ஆரணிக்கு வந்து, வேறொருவர் தறியில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு தறி போட்டார். இப்போது இரண்டு தறி. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டில் பூவேலைக்கான ஜக்கார்டு அட்டை விழுகிற சத்தம் இருந்துகொண்டே இருக்கும். நான் ஃபோனில் பேசும்போது அவர் தறியை நிறுத்திவிட்டுப் பேசுவார். நிறுத்துகிற அந்தச் சத்தம் கேட்டதும் நான் பேச ஆரம்பிப்பேன்.

ஆலை கட்டத் தொடங்கியதிலிருந்து அண்ணனுக்கு வேறு பேச்சே இல்லை.

"ஏம்மா பாப்பா, தண்ணில கரண்ட்டு வுட்டா கேஸு தனியா வந்துருமா?"

"வரும்ணா. ஹைட்ரஜன் ஒரு பக்கம், ஆக்சிஜன் ஒரு பக்கம்."

"அந்தக் கேஸுலருந்து திரும்பவும் கரண்ட்டு எடுப்பீங்களா?"

"எடுப்போம்."

"அப்போ இன்னாத்துக்கு இருக்கற கரண்ட்ட அதுக்குள்ள கொண்டு போயி போடறீங்க? நேரா லைட்டப் போட்டுக்கலாம் இல்ல?"

எங்கள் ஆலைக்கு வந்த எத்தனையோ படித்தவர்கள் கேட்காத கேள்வி இது. காற்று எப்போதும் அடிக்காது, வெயில் மாலையில் போய்விடும், அவை இருக்கும்போது மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி வைத்துக்கொண்டால் இல்லாதபோது எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். "சரி சரி. வெயிலு இருக்கச்சொல்ல பாவு நூல தெருவுல நீட்டி சுத்தி வெச்சிக்கறோமே, மழையில ஓட்டறதுக்கு. அந்த மாதிரி" என்றார். அதற்குப் பிறகு நான் என் வகுப்பில் அதே உதாரணத்தைச் சொன்னேன். அண்ணன் சொன்னது என்று சொல்லவில்லை.

அவருக்கு நான் இன்னும் நிறையச் சொன்னேன். இந்தத் துறைமுகம் என்றாலே இதுவரை நிலக்கரிதான், குடியிருப்பில் காயப்போட்ட துணியெல்லாம் கருப்பாகும் என்றேன். இனி இங்கே ஹைட்ரஜனை அமோனியாவாக மாற்றிப் பெரிய தொட்டிகளில் சேர்ப்பார்கள், வருகிற கப்பல்கள் எண்ணெய்க்குப் பதில் இதையே நிரப்பிக்கொண்டு போகும், வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகும், நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய மையமாக ஆகப்போகிறது என்றேன். இப்போதைக்கு இருப்பது ஒரு சின்ன ஆலை, அதிலிருந்து ஊழியர் குடியிருப்பின் தெருவிளக்குகள் எரியும், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். ஆனால் அண்ணன் அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டுத்தான் ஊரில் சொல்வார். நூல் கடையில், டீக்கடையில், சபைக் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, எல்லாரிடமும் என் தங்கச்சி தண்ணியில இருந்து கப்பல் ஓட்டப் போகிறாள் என்றார். கண்ணமங்கலத்தில் இருக்கும் எங்கள் அத்தை வீடுவரைக்கும் செய்தி போய்விட்டது.

"ஒரு வாட்டி உள்ள கூட்டிகினு போய் காட்டு பாப்பா. கண்ணால பாத்துட்டா போதும்" என்று அவர் கேட்டார். "திறப்பு விழாவுக்கு வாண்ணா, நானே கூட்டிகினு போய் காட்டறேன்" என்று சொன்னேன். அவர் என்னிடம் வேறு எதுவும் எப்போதும் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், எழுதவே கூச்சமாக இருந்தாலும். துறைமுகத்துக்கு வந்த முதல் வாரம் நான் கேண்டீனில் "சாப்டுகினு இருக்கேன், தோ வரேன்" என்று யாருக்கோ எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, விளையாட்டுத்தான். அதன் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்த்தாலே "என்ன மேடம், நடந்துகினு வாறீங்களா, பறந்துகினு வாறீங்களா" என்று கேட்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த மாதத்தோடு ஆலைக்குள் 'கினு' என் வாயிலிருந்து போய்விட்டது. ஊருக்கு ஃபோன் பேசுவதென்றால் அறைக்கு வெளியே, யாரும் இல்லாத படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன். வேலியில் எவனையோ கிழித்துத் தொங்கவிடுகிற அதே வாய் இது.

திறப்பு விழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். வருகிற விருந்தினர்களுக்குப் போர்த்த வழக்கமான கடைப் பொன்னாடை வேண்டாம், நம்ம ஆலையின் சின்னத்தோடு பட்டு அங்கவஸ்திரம் போடலாம், நீங்கதான் ஆரணி ஆச்சே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மனிதர் அதுவரை என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "எங்க அண்ணனே நெய்வார் சார்" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தால், கதவுக்கு நேர் எதிரே சுவரில் என் விதிப் பலகை. நானே தமிழில் எழுதி, அச்சடித்து, நுழைவாயில் எல்லாவற்றிலும் ஒட்டச் செய்தது. அதில் நான்காவது வரி: பட்டு, கம்பளி, நைலான் உடைகளுடன் உள்ளே அனுமதி இல்லை.

காரணம் எளிது. பட்டு உரசினால் மின்னேற்றம் சேரும், காய்ந்த நாளில் பொறி தட்டும். ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள நம் கண்ணுக்குத் தெரியாத பொறியே தாராளம். பருத்தி அப்படி இல்லை. இதை வகுப்பில் நான் மூச்சு விடாமல் சொல்வேன். அன்று அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது மேலதிகாரியிடம் திரும்பிப் போய், சார், மேடையில் போர்த்திவிட்டு அப்படியே உள்ளே அழைத்துப் போவீர்களே, அது கூடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். மேடை வேலிக்கு வெளியே தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன். அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால், பட்டே கூடாத இடத்துக்கு ஏன் பட்டு கேட்கிறாய் என்று அவர் கேட்பார். அவர் எப்போதும் சரியான கேள்வியைத்தான் கேட்பார்.

அண்ணன் கையில் இருந்த சேலை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குப் பாவு போட்டார். நீர்த்துளி, அதற்குள் ஓர் இலை, அதுதான் சின்னம். அதற்குத் தனியாக அட்டை அடிக்க வேண்டியிருந்தது. இலையின் நரம்பு சரியாக விழவில்லை என்று இரண்டு முறை பிரித்து மாற்றினார். அண்ணி பகலெல்லாம் குறுக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுத்தார். ஆலை கேட்டிருந்த இருபதும் முடிந்ததும் பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் இருபத்தொன்றாவதாகத் தனக்கும் ஒன்று நெய்துகொண்டார். நெய்கிறவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் என்னிடம் ஃபோனில் கேட்டார். "ஒண்ணு நான் போட்டுகினு வரட்டுமா பாப்பா? ஜாஸ்தியா தெரியுமா?"

"போட்டுக்கோண்ணா" என்றேன். படிக்கட்டில் நின்றுதான் சொன்னேன்.

விழா அன்று காலை, முந்தின நாளே அங்கவஸ்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சேத்துப்பட்டு வழியாக விழுப்புரம் போய், அங்கிருந்து ரயிலேறி, அண்ணன் வந்து சேர்ந்தார். காவலாளி எனக்கு ஃபோன் செய்தார். "மேடம், உங்க அண்ணன்னு ஒருத்தர் சொல்லுதாரு, பெட்டியோட நிக்காரு." வெளி வாசலுக்கு ஆள் அனுப்பிப் பெட்டியை மேடைக்குக் கொண்டுபோகச் செய்தேன். நான் உள் வேலியின் வாசலில் இருந்தேன். என்னோடு வேலை பார்க்கிற நான்கைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள். அண்ணன் தூரத்தில் வருவது தெரிந்தது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் நீர்த்துளி அங்கவஸ்திரம். ரயில் கழிப்பறையில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கசங்கல் இல்லை. வரும்போதே பாதி வழியிலிருந்து பெரிய குரலில் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பாப்பா, எம்மாம் பெருசு கீது! நான் சின்னதா இருக்கும்னு நெனைச்சிகினு வந்தேன்!"

என் பக்கத்தில் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரோ, வேறு எதற்கோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முகம் சுட்டது. அந்த நொடியில் என் கண் பலகைக்குப் போனது, அதில் நான்காவது வரிக்குப் போனது. அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை வேறு எந்தச் சொல்லாலும் பூசி மெழுக முடியாது. நிம்மதியாக இருந்தது.

"பட்டோட உள்ள வர முடியாதுண்ணா. ரூல்" என்றேன். ஊர்ப் பேச்சில் இல்லாமல், அலுவலகக் குரலில் சொன்னேன்.

அண்ணன் நின்றுவிட்டார். பலகையை ஒரு முறை படித்தார். அவர் ஐந்தாவது வரை படித்தவர், நிறுத்தி நிறுத்திப் படிப்பார். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரூல்னா ரூல்தாம்மா. அதுக்குத்தானே உன்ன இங்க வெச்சிகினு கீறாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "என் தங்கச்சி எழுதின போர்டுங்க இது" என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்குப் பின்னால் உடை மாற்றும் அறை. அதில் வெளியாட்களுக்கென்றே பருத்திக் கோட்டும் பருத்திக் கால்சட்டையும் கொக்கிகளில் மாட்டியிருந்தன. விழா தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. உடை மாற்ற ஐந்து நிமிடம், சுற்றிக் காட்டப் பத்து நிமிடம். உதட்டைக் கடித்தவரே மெதுவாகச் சொன்னார், "மேடம், கோட்டு இருக்குல்லா, மாத்திட்டு வரச் சொல்லுங்க. நான் வேணா கூட்டிட்டுப் போறேன்." நான் "நேரம் இல்லை" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மேடைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் அதற்குள் வேலியோரமாக நகர்ந்து, வெளியிலிருந்து எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா நடந்தது. பேசினார்கள். நம் துறைமுகம் நாளை உலகத்தின் பெரிய துறைமுகங்களோடு போட்டி போடும் என்று ஒருவர் சொன்னார், கைதட்டினார்கள். அங்கவஸ்திரங்களைப் போர்த்தியபோது அண்ணன் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார். பிறகு விருந்தினர்கள் மேடையிலிருந்து இறங்கி, தோளில் அதே பட்டோடு, புகைப்படக்காரர்கள் பின்தொடர, உள் வேலிக்கு வந்தார்கள். நான் வாசலில் நின்றேன். "சார், அங்கவஸ்திரத்தை மட்டும் இங்கே வைத்துவிட்டு..." என்று தொடங்கினேன். மேலதிகாரி என் காதருகே குனிந்து, "ரெண்டு நிமிஷம்தான். ஃபோட்டோவில் அது தெரிய வேண்டும். விடுங்கள்" என்றார்.

விட்டேன். சாதாரணமாக ஒருவனை நிறுத்த நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட அவர்களை விட எனக்கு ஆகவில்லை. போர்த்திய இருபது பேரில் இருவர் மேடையோடு கிளம்பிவிட, மற்ற பதினெட்டுப் பேர் பட்டோடு உள்ளே போனார்கள். அதில் மூன்று பேர் பட்டு வேட்டியும் கட்டியிருந்தார்கள். கடற்காற்று ஈரமாக வீசிய நாள், கருவிகளில் கசிவு எதுவும் காட்டவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கடவுளே, அப்படி நான் நினைக்க மாட்டேன். ஆனால் ஒன்றும் நடக்காததால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் 'உள்ளே வராதே' என்பது சாதாரணப் பேச்சு இல்லை. அப்பா அதைக் கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லாமலே தெருவில் நின்று பழகியவர். நாங்கள் இருவரும் அதைக் கேட்காமல் வாழ வேண்டும் என்றுதான் அண்ணன் வெம்பாக்கத்தை விட்டு வந்தார். அவரிடம் அதை நான் சொன்னேன், அதுவும் ஒரு பலகையைக் காட்டிச் சொன்னேன்.

மதியம் அவரை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வண்டியில் அவர் அங்கவஸ்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் விளக்கம் கொடுக்க வாயெடுத்தேன். பட்டில் மின்னேற்றம் சேரும், அதனால்தான் என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதா பாப்பா? பனிக்காலத்துல காத்து காஞ்சி போச்சின்னா தறியில கை வெச்சா முடி நட்டுகினு நிக்கும். இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு பேஜார் பண்ணும். அதுக்குத்தானே தறிக் குழியில தண்ணி தெளிச்சிகினு உக்காருறது" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நூல் வேட்டி கட்டிகினு வந்திருப்பேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. இது என்ன பெரிய விஷயம், எளிதாக முடிந்திருக்குமே என்பது போலத்தான் சொன்னார். விருந்தினர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஸ்டேஷன் வந்துவிட்டது, வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டியிருந்தது, அப்படியே போய்விட்டது. மன்னிப்பு கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் வண்டி நிறுத்துமிடம் என்று நான் பல மாதம் நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். போதகர் ஐயா முன்பே ஃபோன் செய்து கேட்டிருந்தார், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டத்தில் பசுமை ஹைட்ரஜனைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா, நம்ம பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வேலைகள் இருப்பதே தெரியவில்லை என்று. சரி என்றேன். போனால் வாலிபர் மட்டும் இல்லை, பாதி சபை உட்கார்ந்திருந்தது. நெசவாளர்கள், ஆசிரியர்கள், கண்ணமங்கலம் அத்தைகூட வந்திருந்தார். அண்ணன் முதல் வரிசை. எல்லாரும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக ஊரில் சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் போகிற குழாய் எது, கேஸ் வருகிற குழாய் எது, தொட்டி எவ்வளவு உயரம் என்று அவர் விவரித்ததை ஆளாளுக்கு என்னிடம் திரும்பச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததையும் நான் ஃபோனில் சொன்னதையும் ஒன்றோடொன்று இழைத்து முழுசாக ஆக்கியிருந்தார். தங்கச்சி வேலை செய்கிற இடத்துக்குப் போனவன் வாசலோடு திரும்பி வந்தேன் என்று எந்த மனிதன் சொல்வான்? தனக்காகவும் அவர் சொல்லியிருக்க முடியாது, எனக்காகவும் சொல்லியிருக்க முடியாது.

நான் பேசினேன். துடைப்பக் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள், பயந்தார்கள். திரையில் படம் காட்டினேன். வகுப்பு எடுத்துப் பழகிய வாய், தானாக ஓடும். விதிப் பலகையின் படம் வந்தது. கைப்பேசி கூடாது, தீப்பெட்டி கூடாது, பட்டு கூடாது என்று சொன்னேன். பட்டு என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அப்போது நான், எத்தனையோ முறை சொன்ன அடுத்த வாக்கியத்தையும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "தெரியாமல் பட்டு கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்காக நாங்களே பருத்தி உடை வைத்திருக்கிறோம். மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். ஐந்து நிமிட வேலை."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்த உடைகள் இருந்தன என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அவர் கோபப்படவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, ஓடாத தறியில் எங்கே இழை அறுந்தது என்று தேடும்போது பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். பிறகு அறுந்த இடம் கிடைத்துவிட்டது. பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

தண்ணீர் குடித்தேன். அடுத்த படத்துக்குப் போனேன், அது விழாப் படம், எடுத்துவிட மறந்திருந்தேன். பட்டு அங்கவஸ்திரத்தோடு பெரியவர்கள் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நிற்கிற படம். சட்டென்று அதையும் தள்ளினேன். ஆனால் பட்டை அடையாளம் காண இந்த ஊரில் யாருக்கும் ஒரு நொடிக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு நெசவாளர் அம்மா எழுந்தார். எங்கள் தெருக்காரர், அண்ணிக்குத் தோழி. எந்தக் குத்தலும் இல்லாமல்தான் கேட்டார்.

"ஏம்மா, பட்டு ஆவாதுன்னு சொல்றியே. உங்கண்ணன் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, புது அங்கவஸ்திரம் எல்லாம் அங்க போட்டுக்கறதுக்குன்னு மடிச்சி எடுத்துகினு தானே போனாரு, தெருவே பார்த்துச்சே. அவர எப்பிடி உள்ள வுட்டீங்க?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. விடவில்லை, நான்தான் விடவில்லை, விட்டிருக்கலாம், அவர் பேசுவதைக் கேட்டு என்னோடு இருந்தவர்கள் சிரிப்பார்களே என்று விடவில்லை. நான்கு வாக்கியம். சொன்னால் என் மானம் போகும், அது போகட்டும். ஆனால் அண்ணன் நான்கு மாதமாக ஊருக்குச் சொன்னது பொய் என்று அவர் சபைக்கு முன்னாலேயே ஆகிவிடும். இப்படி நான் யோசித்தேன். அவருக்காகத்தான் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிறைய முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அண்ணன் எழுந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பட்டோட எங்க வுட்டாங்க? ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா. எல்லாத்தையும் அவுத்து வெச்சிட்டு, அந்த நூல் கோட்ட மாட்டிகினு தான் போனேன். எனக்கு பட்டன் போடத் தெரியல, புது மாதிரி பட்டனு. என் தங்கச்சிதான் கிட்ட வந்து போட்டுவுட்டா." அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "இல்ல பாப்பா?"

"ஆமாண்ணா" என்றேன். "நான்தான் போட்டுவுட்டேன்."